நம்பர் பிளேட்டைப் பார்த்த கண்

நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள், சால்வை போட்டார்கள், ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். இனி எங்கும் நேரத்துக்குப் போக வேண்டாதவனுக்குக் கடிகாரம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து காகிதத் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஆலோசகர் திவ்யா பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு டவுட்டு. கவுன்சிலிங் ஆரம்பிக்கிறப்ப சேரை எதிரெதிரா போடுறீங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு எழுந்திரிச்சு ரெண்டு சேரையும் ரோட்டுப் பக்கம் திருப்பிப் போடுறீங்க. மேனுவல்ல அப்படி இல்லியே சார்?"

"முட்டி வலிம்மா, அப்பப்ப எழுந்திருக்கணும்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அவள் நம்பவில்லை. நம்பாததுதான் சரி. உண்மையான பதிலை அன்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

என் வேலை, நெடுந்தூரம் ஓடும் லாரி ஓட்டுநர்களுக்கு எச்.ஐ.வி. வராமல் தடுப்பது. ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளனாகச் சேர்ந்து, பிறகு ஆலோசகன் ஆனேன். வாலாஜாபாத்தைத் தாண்டி, தொழிற்சாலைகளுக்குச் சரக்கு கொண்டுவரும் லாரிகள் கேட் திறக்கும்வரை காத்து நிற்கும் ஒரு பெரிய மைதானம் உண்டு. அதன் ஓரத்தில் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ரத்தம் எடுக்க ஒரு மேசை, மருத்துவர் வரும் நாளில் மறைப்புக்கு ஒரு பச்சைத் துணி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். தினமும் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போவேன்.

சென்னையில் பதினைந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் எனக்கு நினைவிருப்பது இரண்டுதான்: கேண்டீன் சாம்பார் நன்றாக இருந்தது, ஆணுறை மாட்டும் விதத்தைக் காட்டச் சொன்னபோது என் காது இரண்டும் சூடாகிவிட்டன. வீட்டில் வேதாகமத்தைத் தவிர வேறு எதையும் சத்தமாகப் படித்துப் பழக்கமில்லாத ஆள் நான்.

செயல்முறை காட்ட மரத்தில் ஒரு மாதிரி வேண்டும். பயிற்சியில் கொடுத்தது முதல் மாதமே உடைந்துவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சாமான் செய்யும் ஆசாரி ஒருவரிடம் போய், காகிதத்தில் வரைந்து காட்டி, இந்த அளவில் இரண்டு கடைந்து தரச் சொன்னேன். அவர் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்தத் தறிக்குப்பா? நாப்பது வருசமா நானும் தறி சாமான் செய்யறேன், இந்த மாதிரி ஒரு அயிட்டம் பார்த்ததே இல்லியே."

விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல தேக்கில் கடைந்து, வழுவழுவென்று மெழுகு போட்டுக் கொடுத்தார். கடைசிவரை அது உடையவில்லை. இன்றும் அந்தக் கொட்டகையில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இந்த வேலையில் மானம் போவது வாடிக்கை. காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில், கல்யாணப் பட்டு எடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவில் நானும் என் மனைவியும் நின்றிருந்தோம். எதிர்ப்பக்கம் போன ஒரு லாரியிலிருந்து, "காண்டம் சாரு! சௌக்கியமா?" என்று ஓர் ஓட்டுநர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். நானும் கையை ஆட்டினேன். என் மனைவி சட்டென்று நான்கு அடி தள்ளி நின்றுகொண்டாள். வீடு வந்து சேரும்வரை அந்த நான்கு அடி குறையவில்லை.

நாற்காலிக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் மேனுவல் சொன்னபடி எதிரெதிராகத்தான் உட்கார்ந்தேன். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், புன்னகைக்க வேண்டும். நான் கண்ணைப் பார்த்தால் ஓட்டுநர் தரையைப் பார்ப்பார். "வழியில் பெண்களிடம் போவதுண்டா?" என்று கேட்டால், "அதெல்லாம் நம்மகிட்ட கெடையாது சார்" என்பார். எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒரு மழை நாளில் கொட்டகை ஒழுகியது. இரண்டு நாற்காலிகளையும் வாசலோரம் இழுத்து, சாலையைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். அன்று வந்தவர் ஆந்திரா பக்கம் ஓடுகிற ஆள். சாலையைப் பார்த்தபடியே ஒரு மணி நேரம் பேசினார். எங்கே நிறுத்துவார், யாரிடம் போவார், எதற்குப் பயப்படுகிறார், எல்லாம் வந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஓட்டுநர் வாழ்நாள் முழுக்க முகத்தைத் திருப்பாமல் பேசிப் பழகியவர். பக்கத்து சீட்டில் உட்காருகிறவனிடம்தான் அவருக்கு மனசு திறக்கும்.

அன்றிலிருந்து நாற்காலிகள் அப்படியே நின்றன. வேறு மாவட்டங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைக்கனம் வந்ததென்று சொல்வதில் இப்போது வெட்கமில்லை. ஒரே ஒரு குறை இருந்தது, அது எனக்கு அப்போது குறையாகத் தெரியவில்லை: வருகிறவர்களின் முகம் எனக்குத் தெரியாது. கை தெரியும், செருப்பு தெரியும், குரல் தெரியும். அதற்கும் மேலே, வண்டி எண் தெரியும். பெயர் கேட்டால் பாதிப் பேர் முருகன் என்பார்கள். என் பதிவேட்டிலிருந்த முருகன்களை வைத்தே ஒரு தைப்பூசம் நடத்தியிருக்கலாம். அதனால் பதிவு எண்ணுக்குப் பக்கத்தில், எனக்கு மட்டும் புரியும்படி, வண்டியின் கடைசி நான்கு எண்களைப் பென்சிலால் எழுதி வைப்பேன். மைதானத்தில் அவர்களே ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நானும் அந்த மைதானத்து ஆளாகிவிட்டேன் என்று நினைப்பு.

எங்கள் மேலாளர் சுலோச்சனா மேடம். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். பெரிய காஞ்சிபுரத்தில் அலுவலகம். வாரம் இரண்டு முறை கொட்டகைக்கு வருவார். பருத்திப் புடவை, தோளில் ஊக்கு, கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். குரலை உயர்த்திப் பார்த்ததில்லை. பரிசோதனை முடிவுத் தாளை, எழுத்து உள்பக்கம் போகும்படி நான்காக மடித்துத்தான் கையில் எடுப்பார். வந்தவர் உட்காராமல் தான் உட்கார மாட்டார். பேசும்போது பேனாவைத் தொட மாட்டார். பேனாவைப் பார்த்தால் மனுஷன் வாயை மூடிக்கொள்வான் என்பார். நாம் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்பார்: "பார்த்தியாப்பா, நெனச்சியாப்பா?" 'அவருக்குக் குடிப்பழக்கம் இருக்கு மேடம்' என்றால் கேள்வி வரும். 'மாத்திரை சாப்பிடுறார் மேடம்' என்றாலும் வரும். பாதி நேரம் நாங்கள் நினைத்ததாகத்தான் இருக்கும்.

முடிவு சொல்வதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில், ரத்தம் எடுத்தபோது வந்தவரிடம் கொடுத்த டோக்கனை வாங்க வேண்டும். பிறகு பெயர், வயது, ஊர் மூன்றையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். நாம் சொல்லி அவர் தலையாட்டக் கூடாது. மூன்றும் பதிவேட்டோடு ஒத்துப்போனால்தான் தாளைப் பிரிக்கலாம்.

இனி சொல்லப்போவது பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது. அதில் வரும் பெயர்களையும் வண்டி எண்ணையும் மாற்றியிருக்கிறேன்.

ஒரு நாள் மதியம் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பெயர் முருகன் என்றார். வயது முப்பத்தொன்று. வண்டி 4417. இடது கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. டயர் மாற்றும்போது நசுங்கியதாகச் சொன்னார். பரிசோதனை எதற்கு என்று அவருக்குச் சந்தேகம்.

"என் வூட்டம்மா ஏழாவது மாசம் சார். மூணாவது மாசமே ஆஸ்பத்திரில அதுக்கு எல்லா ரத்தமும் பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அதுக்கு இல்லன்னா எனக்கும் இல்லதானே?"

இந்தக் கணக்கைப் பல ஓட்டுநர்கள் போட்டு வைத்திருப்பார்கள். மனைவியின் முடிவு மனைவிக்கு மட்டும்தான், அதுவும் அன்றைய தேதிக்குத்தான் என்று விளக்கினேன். கறுத்த நகத்தைத் தடவிக்கொண்டே, கடந்த நான்கு மாதங்களில் போன இரண்டு இடங்களைச் சொன்னார். ஆணுறை இல்லை. கையை நீட்டினார். ரத்தம் எடுத்தோம். முடிவு வர அரை மணி நேரம் ஆகும். பதினைந்து நிமிடத்தில் தொழிற்சாலை கேட்டில் அவர் வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்கள். "வரும்போது வாங்கிக்கிறேன் சார், இன்னும் ரெண்டு வாரத்துல வளைகாப்பு வேற இருக்குது" என்று ஓடினார்.

முதல் பரிசோதனை, கிருமி இருப்பதாகக் காட்டியது.

அவர் கொடுத்த போன் எண்ணில் ஒன்பது இலக்கம்தான் இருந்தது. ஊர் வந்தவாசிப் பக்கம் என்று மட்டும் எழுதியிருந்தேன். எங்கள் தொழிலில் ஒருவரைத் தேடுவது கஷ்டம். எதற்குத் தேடுகிறோம் என்று யாரிடமும் சொல்ல முடியாது. லாரி முதலாளிக்குப் போன் செய்ய முடியாது, கேட் காவலாளியிடம் கேட்க முடியாது. மைதானத்தில் டீக்கடை வைத்திருந்த குமாரி அக்காவிடம், "4417 வந்தா சொல்லுங்கக்கா, அவரு கண்ணாடி நம்மகிட்ட இருக்குது" என்று ஒரு பொய்யை மட்டும் சொல்லி வைத்தேன்.

வண்டி வரவில்லை. எனக்கு அந்த வளைகாப்புதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஊருக்குப் போவார், மனைவியோடு இருப்பார். அவளுக்கு இப்போது தொற்றினால், முன்பு எடுத்த ரத்தத்தை நம்பி யாரும் மறுபடி பார்க்காமலே விட்டுவிடலாம். பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றலாம், பால் கொடுக்கும்போது தொற்றலாம். முன்கூட்டித் தெரிந்தால் மூன்று பேரையும் காப்பாற்ற வழி இருக்கிறது. தெரிய வேண்டியவருக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்குக் குமாரி அக்கா கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"கண்ணாடிக்காரர் வண்டி வந்துக்கினு இருக்குதுபா."

ஓடினேன். 4417, அதே நீல முகப்பு. ஓட்டுநர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, புழுதியோடு இறங்கினார்.

"முருகண்ணே, அன்னைக்கு ரத்தம் கொடுத்துட்டு ரிசல்ட் வாங்காம போயிட்டீங்களே!"

"ஆமா சார். வண்டியக் கூப்டுட்டாங்கோ. இன்னா, எதுனா சொன்னாங்களா?"

குரலும் அந்தப் பக்கத்துக் குரல்தான். கொட்டகைக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். இரண்டு பேரும் சாலையைப் பார்த்தோம். டோக்கன் கேட்டேன். "எங்க வெச்சேனோ சார்" என்றார். பெரும்பாலும் தொலைத்துவிடுவார்கள். பெயரை நானே சொல்லிவிட்டேன். வயதைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் தேடிய ஆள் கிடைத்துவிட்டார் என்ற பரபரப்பு. கேட்டில் மறுபடி கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

சொன்னேன். முறைப்படிதான் சொன்னேன்: முதல் பரிசோதனையில் கிருமி இருப்பதாகக் காட்டுகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் உறுதி செய்ய வேண்டும், மருந்து இருக்கிறது, தினமும் சாப்பிட்டால் எல்லோரையும்போல் வாழலாம்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "பொண்ணு பத்தாவது படிக்குது சார்" என்றார்.

அது என் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. நான் சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். "எல்லாத்துக்கும் முன்னாடி உங்க வீட்டம்மாவைப் பாக்கணும்ணே. ஏழு மாசம். உடனே மறுபடி ரத்தம் பாக்கணும்."

"யாருக்கு சார் ஏழு மாசம்?"

அப்போதுதான் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தேன். மீசை பாதி நரைத்திருந்தது. நாற்பத்தெட்டு வயது இருக்கும். கட்டைவிரல் நகம் இரண்டும் நன்றாக இருந்தன. மைதானத்திலிருந்து கொட்டகைவரை கூடவே நடந்து வந்திருக்கிறேன். கண் இருந்தது, அது நம்பர் பிளேட்டைப் பார்த்த கண்.

"பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னாடி நீங்க இங்க வரலியா?"

"அந்த ட்ரிப்பு நான் ஓட்டலியே சார்! நான் ரத்தம் கொடுத்தது ஓசூராண்ட, ரெண்டு மாசம் முன்னாடி. அங்கயும் முருகன்னுதான் பேர் கொடுத்தேன். போன ட்ரிப்பு மஞ்சகாமாலைல படுத்துக்கினு இருந்தேன். என் தங்கச்சி வூட்டுக்காரன்தான் ஆக்டிங்ல வந்தான்."

நிரந்தர ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லையென்றால் வேறொருவர் அந்த ஒரு நடைக்கு மட்டும் ஓட்டுவதை ஆக்டிங் என்பார்கள். எனக்குத் தெரியாத விஷயமில்லை.

அவர் அதைச் சொல்லத் தொடங்கியபோது முகத்தில் உயிர் வந்தது. தனக்கில்லை என்ற நிம்மதி. 'தங்கச்சி' என்ற சொல்லைத் தாண்டும்போது அந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. ஏழு மாசம் யாருக்கு என்று இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவரைப் பெருமாள் என்று வைத்துக்கொள்கிறேன். எழுந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருக்கும் போன் பண்ணாதீங்கண்ணே. எங்க மேடம் வர்றாங்க. அவங்க வர்ற வரைக்கும் பொறுங்க. கால்ல வேணும்னாலும் விழறேன்."

"கைய விடுயா. மொதல்ல எனக்கு ரத்தத்தைப் பாரு. நீ சொல்றதுல எது நெசம், எது பொய்யின்னு எனக்கு இன்னா தெரியும்?"

நியாயமான கேள்வி. ரத்தம் எடுத்தோம். மேடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "வர்றேன்" என்ற ஒரு சொல்லோடு வைத்துவிட்டார். அவர் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை பெருமாள் கொட்டகைக்கும் வண்டிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார். குமாரி அக்கா கொடுத்தனுப்பிய டீ ஆறிப் போயிற்று.

மேடம் வந்ததும் முதலில் நாற்காலிகளைத் திருப்பினார். எதிரெதிராகப் போட்டு, அவரை உட்காரச் சொல்லி, பிறகு தான் உட்கார்ந்தார். டோக்கன், பெயர், வயது, ஊர் என்று வரிசையாகக் கேட்டு, தாளைப் பிரித்துக் காட்டினார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. இவர் உங்ககிட்ட சொன்னது தப்பு. முழுத் தப்பும் எங்களோடது."

"என் தங்கச்சிக்கு?"

"அவங்களைப் பத்தியும் அவங்க வீட்டுக்காரரைப் பத்தியும் என்கிட்ட கேக்காதீங்க. சொல்றதுக்கு எனக்கு உரிமை இல்ல."

"அதான் இவரு சொல்லிட்டாரேம்மா!"

"சொன்னதை என்னால திருப்பி எடுக்க முடியாது. அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் சேக்க மாட்டேன்."

"அவன் காலை ஒடச்சுட்டுதான் மறுவேல."

"ஒடிங்க. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு எதுல நடந்து வருவாரு?"

மேடம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பெருமாள் கையில் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பொதுவா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. வயித்துல புள்ள இருக்கறப்ப தெரிஞ்சா தாயையும் காப்பாத்தலாம், புள்ளையையும் காப்பாத்தலாம். அதுக்கு அவங்க புருஷன் தானா வந்து, தானா கேட்டு, தானா பொண்டாட்டிகிட்ட சொல்லணும். நீங்க போய் சட்டையப் புடிச்சா என்ன ஆவும்? லாரி ஓட்டுறவர். ராத்திரியோட ராத்திரியா ஒரு வண்டி ஏறிப் போயிட்டார்னா எங்கன்னு தேடுவீங்க? அஸ்ஸாம்லயா, குஜராத்லயா? உங்க தங்கச்சிய யார் கூட்டிக்கிட்டு வருவா?"

"வெள்ளிக்கிழம வளைகாப்பும்மா. பத்திரிக கொடுத்தாச்சு. என் வூட்லதான் இருக்குது அது."

"அவர் இப்ப எங்க?"

"பக்கத்தூர்ல. அவங்க அம்மா வூட்ல."

"நாளைக்கு அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க. என்ன சாக்கு சொல்லுவீங்களோ, உங்க இஷ்டம். இங்க கால் வைக்கிற வரைக்கும் நீங்க ஒண்ணும் கேக்கல, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"பக்கத்துல உக்காத்தி வெச்சுக்கினு, தெரியாத மாதிரி எப்படிம்மா வர்றது? நான் இன்னா மனுஷனா, மரக்கட்டையா?"

"கஷ்டம்தான்" என்றார் மேடம்.

அவர் எழுந்து போன பிறகு மேடம் என்னைப் பார்த்தார். வழக்கமான கேள்விக்கு முன்னாலேயே, "நெனச்சேன் மேடம்" என்றேன்.

"சரி. நாளைக்கு அவர் வந்தா ரிசல்ட்டை நான் சொல்றேன். நீ செஞ்சதை நீதான் அவர்கிட்ட சொல்லணும்."

கெஞ்சினேன். மச்சான் வாயைத் திறக்காவிட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை, எதற்கு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்ச வேண்டும் என்றேன். மேடம் நிதானமாகக் கேட்டார்: "நாளைக்கு மச்சான் குடிச்சுட்டு ஒரு சண்டைல சொல்லிட்டா? அப்புறம் எந்த ஆஸ்பத்திரியப்பா நம்புவாரு? அவரு காலம் பூரா மாத்திரை சாப்பிடணும். நம்பிக்கை இல்லாதவன் சாப்பிட மாட்டான்."

மறுநாள் வருவார்கள் என்று நான் நம்பவில்லை. பத்து மணிக்கு 4417 வந்து நின்றது. அடுத்த லோடுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார் பெருமாள். அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. இளையவர் மட்டும் இறங்கி, "வரும்போது வாங்கிக்கிறேன்னு சொன்னேனே சார்" என்று சிரித்துக்கொண்டே வந்தார். கறுத்த நகத்தின் அடியில் புது நகம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நெற்றியில் ஒரு தழும்பு, சின்னப் பையனுடைய கண்கள்.

மேடம் முடிவைச் சொன்னார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அதுக்கு வந்திருக்குமா?" பார்த்தால்தான் தெரியும் என்றார் மேடம். நாளைக்கே பார்க்கலாம், நீங்கள்தான் அழைத்து வர வேண்டும், நீங்கள்தான் சொல்ல வேண்டும், நாங்கள் பக்கத்தில் இருப்போம் என்றார். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மேடம் என்னைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

சொன்னேன். வண்டி எண்ணைப் பார்த்து ஏமாந்ததை, மச்சானிடம் உளறியதை, ஒரு சொல் விடாமல் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்போத்லேர்ந்து தெரியும் அவனுக்கு?"

"நேத்துலேர்ந்து."

அவர் வாசல் வழியாக வண்டியைப் பார்த்தார். ஸ்டியரிங் பின்னால் பெருமாள் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"காலைல மாங்கால் கூட்ரோட்ல வண்டிய ஓரங்கட்டினான் சார். ஒரே பொட்டலம்தான் இட்லி வாங்கினு வந்தான். இன்னா மச்சான், எனக்கு இல்லியான்னு கேட்டேன். பேசாம துன்னுடான்னான். ரெண்டு பேரும் ஒரே எலைலதான் சார் துன்னோம்."

அதுவரை அழாதவர் அப்போது அழுதார். ஒரே இலையில் சாப்பிட்டால் வராது என்று படம் காட்டிப் படம் காட்டி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். முந்தின நாள் மதியம் மேடமும் நானும் அதைப் பெருமாளிடம் சொல்லவே இல்லை.

அடுத்தது என்ன ஆயிற்று என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், திவ்யா கேட்பாள். அந்தப் பெண்ணுக்குத் தொற்று இல்லை. அப்புறம் பிரசவத்துக்கு முன்பும், பிறகும், மறுபடி மறுபடி பார்த்தார்கள், இல்லை. பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. அவள் கணவர் இன்றுவரை மாத்திரை சாப்பிடுகிறார், வண்டியும் ஓட்டுகிறார். என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஒரு மாதம் ஆலோசனை அறையில் உட்கார விடாமல், மைதானத்தில் ஆணுறைப் பெட்டிகளை நிரப்ப வைத்தார் மேடம். திரும்பி வந்தபோது, முதல் ஐந்து நிமிடம் எதிரெதிராக உட்கார்ந்து முகத்தைப் பார்த்து, அவர் வாயாலேயே பெயரையும் வயதையும் ஊரையும் வாங்கிய பிறகுதான் நாற்காலியைச் சாலைப் பக்கம் திருப்புவது என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன்.

ஆனால் வியாழக்கிழமையைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

வளைகாப்புக்கு முதல் நாள். மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கணவனும் மனைவியும் மேடத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே பெஞ்சில் ஒரு முனையில் பெருமாள், மறு முனையில் நான். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. ஒரு முறை அழுகைச் சத்தம் வந்தது. அது யாருடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. முதலில் அந்தப் பெண்தான் வந்தாள். ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்திருந்தாள். பின்னால் அவர், தலையைக் குனிந்தபடி. அவள் நேராக அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

பெருமாள் என்னைக் கை காட்டினால் போதும், அதில் தப்பே இல்லை. அவள் கணவரும் தலையை நிமிர்த்தி மச்சானைப் பார்த்தார்.

பெருமாள் எழுந்து, தங்கை உட்காருவதற்காகப் பெஞ்சைத் துண்டால் துடைத்தார்.

"எனக்கு எப்படிமா தெரியும்?" என்றார். "இன்னா விஷயம்? உன் வூட்டுக்காரரு உங்கிட்ட இன்னா சொன்னாரு?"